கம்பத்திலிருந்து சுவர் வரை

ஈரத் தரையில் ஒரு கார் நிற்க எத்தனை அடி வேண்டும் என்று பதினாறு வருடமாகச் சொல்லிக்கொடுப்பவள் நான். யார் காதில் ஏறியது? செவ்வாய்க்கிழமை காலை ஒரு மணி நேரம் வகுப்பு. முன்னறையில் ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கரும்பலகை, கால் ஆடுகிற மேசை ஒன்று. வருகிறவர்களெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடிக்கத்தான் வருவார்கள். இந்த அம்மா எப்போது வாயை மூடும், எப்போது வண்டிக்கு விடும் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நானும் விடமாட்டேன். "பிரேக்க மிதிச்ச இடத்துல வண்டி நிக்கும்னு யாராவது நெனச்சீங்கன்னா இப்பவே எழுந்து வீட்டுக்குப் போங்க" என்றுதான் ஆரம்பிப்பேன். கண் பார்க்க வேண்டும், பார்த்தது மண்டைக்கு எட்ட வேண்டும், பிறகு கால் நகர வேண்டும். அதற்கே ஒரு நொடி போய்விடும். நாற்பதில் போகிற வண்டி அந்த ஒரு நொடியில் பதினொரு மீட்டர் ஓடிவிடும், இன்னும் பிரேக்கில் காலே படவில்லை. அதற்கப்புறம் பிடித்து நிற்க இன்னொரு எட்டு ஒன்பது மீட்டர். இது காய்ந்த ரோடு, நல்ல டயர், ஆள் தூங்கி வழியாமல் இருந்தால். மழை பெய்தால் கணக்கே வேறு. பின்னால் பாரம் இருந்தால் வேறு, இறக்கமாக இருந்தால் இன்னும் வேறு. இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது கடைசி நாற்காலியில் ஒருவர் கொட்டாவி விடுவார்.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி என்று பெயர்ப்பலகை பெரிதாகத்தான் இருக்கும். உள்ளது ஒரே ஒரு கார், ஒரே ஒரு மாஸ்டர், குமாஸ்தா வேலையும் வகுப்பும் சேர்த்துப் பார்க்கிற நான். மாஸ்டர் வீட்டின் முன் இரண்டு அறைதான் பள்ளி. பின்னால் குடித்தனம். பெரிய ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு சந்து இறங்கும். சந்து பாதிக்கு வந்ததும் இடது கைப்பக்கம் ஒரு மின்கம்பம். அதிலிருந்து முப்பது அடியில் வீட்டின் பக்கச் சுவர். வண்டி அங்கேதான் வந்து நிற்கும்.

மாஸ்டரைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் கத்தமாட்டார். மற்ற பள்ளிகளில் வண்டி கிளம்புவதற்கு முன்பே மாஸ்டர் தொண்டை கிளம்பிவிடும். இவர் அப்படியில்லை. கத்தினால் கற்றுக்கொள்கிறவன் உறைந்துபோவான், உறைந்த கால் எதையும் மிதிக்காது என்பார். எங்கள் பள்ளிக்குப் பெண்கள் அதிகம் வந்ததற்கு அதுதான் காரணம். பக்கத்து சீட்டின் கீழே அவருக்கென்று ஒரு பிரேக் பெடல் உண்டு. மோசமாக ஏதாவது வந்தால் வாயைத் திறக்காமல் அதை மிதித்து வண்டியை நிறுத்திவிட்டு, "சரி, இப்ப என்ன ஆச்சுன்னு சொல்லுங்க" என்று கேட்பார். மற்ற நேரமெல்லாம் இரண்டு காலையும் சீட்டுக்கு அடியில் பின்னுக்கு மடக்கி வைத்திருப்பார். "அவங்க கால் கத்துக்கணும்னா என் கால் சும்மா கெடக்கணும் டீச்சரம்மா" என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்.

அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள்கூட அப்படி இருக்கமாட்டாள். பின்கட்டில் தையல் மிஷின் போட்டு, திரைச்சீலையும் பள்ளிக்கூட யூனிபாரமும் தைத்துக்கொடுப்பாள். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப் தொங்கும். பேச்சு நிற்காது. மத்தியானம் நான் டப்பாவைத் திறந்தால் எட்டிப் பார்த்து, "மறுபடியும் உருளைக்கிழங்கா? உன் உடம்புல ரத்தம் ஓடுதா இல்ல மாவு ஓடுதா?" என்பாள். தன் தட்டிலிருந்து பாதி முட்டையை எடுத்து என் டப்பாவில் போட்டுவிட்டுப் போவாள். கோபம் வந்தால் என்னையும் கிழிப்பாள், மாஸ்டரையும் கிழிப்பாள். மகளை மட்டும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

ஒரே மகள். இருபத்துமூன்று வயசாகியும் பாப்பாதான். பயந்த சுபாவம். பால் பொங்கினால்கூட இரண்டு அடி தள்ளி நின்று அம்மாவைக் கூப்பிடும். படித்து முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தாள். அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை வந்தது. ஊருக்குள் பல இடத்தில் மாதிரிகளை வாங்கி வண்டியில் கொண்டுவர வேண்டும். லைசென்ஸ் இருந்தால்தான் வேலை. டிரைவிங் மாஸ்டர் மகளுக்கு லைசென்ஸ் இல்லையா என்று அந்தக் கூடத்து மேனேஜர் சிரித்தாராம். அதைச் சொல்லும்போதே பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் டெஸ்ட்டில் கோட்டைத் தாண்டி நாலு அடி போய் நிறுத்தினாள். இரண்டாவது டெஸ்ட்டில் பயத்தில் கிளட்சை விட்டு வண்டியையே அணைத்துவிட்டாள். டெஸ்ட் வைக்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டிப்பான ஆள். பதினைந்து வருடப் பழக்கம் என்று மாஸ்டருக்காக ஒரு சலுகையும் காட்டமாட்டார். "இன்னும் ஒரு மாசம் ஓட்டிட்டு வாம்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று பாப்பா அறைக்குள் போய்ப் படுத்தவள்தான். இரண்டு நாள் அக்கா கதவுக்கு வெளியே தட்டோடு நின்றாள்.

அதற்கப்புறம் ஒரு அதிசயம் நடந்தது. தினமும் சாயங்காலம் அப்பாவும் மகளும் வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். திரும்பி சந்துக்குள் இறங்கி வரும்போது பாப்பா கம்பத்தைத் தாண்டியதும் பிரேக்கை மிதிப்பாள். வண்டி வழுக்கிக்கொண்டு வந்த மாதிரி வந்து, சுவருக்கு முன்னால் அழகாக நிற்கும். அக்கா வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து சுவரில் சாய்ந்து நிற்பாள். இரண்டு கையையும் தூக்கி, "வா வா வா" என்று குழந்தையை நடக்கப் பழக்குகிற மாதிரி கூப்பிடுவாள். வண்டி அவளுக்கு ஒரு கை தூரத்தில் நிற்கும். பானெட்டில் ஒரு தட்டு தட்டி, "எம் பொண்ணு நிறுத்தினா கோடு போட்ட மாதிரி நிக்கும்" என்பாள். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல் இதே கூத்து. எனக்கே அதைப் பார்க்காவிட்டால் வேலை முடிந்த மாதிரி இருக்காது.

ஒரு நாள் மழைக்காக நானும் அந்த வண்டியில் ஏறிக்கொண்டேன், பின் சீட்டில். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவதற்குள் நான் பார்த்துவிட்டேன். மாஸ்டரின் கால் மடங்கியிருக்கவில்லை. பெடல்மேல் இருந்தது. சிக்னல் வந்தால், மாடு வந்தால், முன்னால் ஆட்டோ வந்தால் பாப்பாவின் கால் நகர்வதற்கு முன்பே அவர் கால் மெதுவாக அழுத்தியது. அப்புறம் பாப்பா மிதிப்பாள், மிச்சத்துக்கு. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வண்டி தான் சொன்னபடி கேட்கிறது என்று உட்கார்ந்திருந்தாள்.

இறங்கும்போது ஜன்னல் வழியாகக் குனிந்து, "என்ன மாஸ்டர், இந்த வண்டிக்கு ரெண்டு டிரைவர் போல?" என்றேன். அவர் அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "சித்தி என்ன சொல்றாங்கப்பா?" என்று கேட்டாள் பாப்பா. "உங்க சித்திக்கு வேற வேலை என்ன" என்று சொல்லி மழுப்பிவிட்டார். நானும் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன். சிரித்தேன், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமைதோறும் அடிக்கணக்கும் மீட்டர் கணக்கும் சொல்லுகிற எனக்கு அது கணக்கைக் கெடுக்கும் என்று தோன்றவேயில்லை. இதற்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

மூன்றாவது டெஸ்ட்டில் பாப்பா பாஸ். எங்கள் வண்டியில்தான் டெஸ்ட். மாஸ்டர் பக்கத்து சீட்டில், இன்ஸ்பெக்டர் பின் சீட்டில். கோட்டில் நிறுத்தச் சொன்னபோது கோட்டிலேயே நின்றதாம். "யாரும்மா இது, மூணு மாசம் முன்னால வந்த பொண்ணா?" என்று இன்ஸ்பெக்டரே கேட்டாராம். அக்கா அன்று தெரு முழுக்க ஒரு வீடு பாக்கி இல்லாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். டீக்கடைக்காரர் மட்டும், "இனிமே ரோட்டுல பாத்து நடக்கணும்" என்று கிண்டல் செய்தார். "உம்ம கடைக்குள்ள கொண்டுவந்து நிறுத்தச் சொல்றேன், அளவா நிறுத்துவா" என்று அக்கா சுடச்சுடக் கொடுத்துவிட்டு வந்தாள்.

லைசென்ஸ் கையில் வந்த மூன்றாம் நாள். அக்காவுக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை, கடைகளில் இருக்கிற மாதிரி மோட்டார் வைத்த பெரிய தையல் மிஷின். அவளுடைய தம்பி, பாப்பாவின் தாய்மாமன், ஒரு பழைய தையற்கூடத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு மிஷினைப் பிடித்துவைத்திருந்தார். இரும்பு ஸ்டாண்டோடு இரண்டு ஆள் தூக்குகிற கனம். அதோடு பெரிய துணிக்கட்டு நாலு. தன் காரிலேயே ஏற்றிவிட்டு, "நீயே ஓட்டிட்டுப் போ பாப்பா. அம்மாவுக்கு நீ கொண்டுவந்து குடுத்த மாதிரி இருக்கட்டும்" என்று மருமகள் கையில் சாவியைக் கொடுத்திருக்கிறார். அவர் மனசும் நல்ல மனசுதான். பின்னால் இடம் இல்லாததால் அவர் வரவில்லை. மாஸ்டர் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

காலையிலிருந்து தூறல். அக்கா அடுப்பில் டீ வைத்துவிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். "மிஷின் கதவுல நுழையுமாடி? அளந்து பாத்தியா?" என்று என்னைக் கேட்டாள். "உன் கழுத்துல தொங்கற டேப் எதுக்கு? நீயே அள" என்றேன். அவள் நிலையை அளந்தாள், இரண்டு முறை அளந்தாள், போதும் என்றாள். அதற்குள் சந்து முனையில் ஹார்ன் கேட்டது. எனக்கு யாருடைய விண்ணப்பமோ எழுத வேண்டியிருந்தது. நான் ஜன்னலோரமாக மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா சுவரில் சாய்ந்து நின்று இரண்டு கையையும் தூக்கினாள். "வா வா வா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. கார் இறங்கி வந்தது. வேகம் ஒன்றுமில்லை, தினமும் வருகிற வேகம்தான். கம்பத்தைத் தாண்டியது. பாப்பா மிதித்தாள், தினமும் மிதிக்கிற இடத்தில், தினமும் மிதிக்கிற அளவுக்கு. வண்டி அடங்கவில்லை. அப்புறம் பயந்து மொத்தக் காலையும் போட்டு மிதித்திருக்கிறாள். சக்கரம் சுற்றுவது நின்றது, வண்டி நிற்கவில்லை. பழைய கார், பின்னால் அத்தனை இரும்பு, ஈரத்தில் சறுக்கிக்கொண்டு வந்தது. அக்கா நகரவில்லை. கையைக்கூட இறக்கவில்லை. அந்த முகத்தில் சந்தேகமே இல்லை, நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். ஒரு நொடிதான். பேனாவைக் கையில் பிடித்தபடி அந்த நொடியை நானும் வீணாக்கினேன். மாஸ்டர் கத்தவில்லை. நானும் கத்தவில்லை.

அதற்கு மேல் அந்தச் சுவரைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை வரைக்கும் இருந்தாள். நடுவில் ஒரு முறை கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டு, "மிஷினுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டாள். "ஒண்ணும் ஆகலக்கா" என்றேன். "பாப்பாவத் திட்டாதீங்க" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

எல்லாம் முடிந்து வீட்டில் கூட்டம் கலைந்த பிறகு நான் தினமும் காலையிலேயே போய்விடுவேன். பள்ளி பூட்டிக்கிடந்தது. மிஷின் சாக்கைப் போர்த்திக்கொண்டு முன்னறையில் நின்றது. நான் கஞ்சி வைப்பேன். பாப்பா ஒரு ஸ்பூனுக்கு மேல் குடிக்கமாட்டாள். தரையில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள்.

"ஒரு வாய் குடி கண்ணு. வெறும் வயித்துல இப்பிடி உக்காந்தா மயக்கம் வரும்."

"சித்தி, ஈரத்துல நிக்க ஜாஸ்தி தூரம் வேணும்னு வகுப்புல நீங்க சொன்னீங்கல்ல?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"சொன்னீங்களா இல்லயா?"

"சொன்னேன்."

"பாரம் இருந்தா?"

"பாப்பா, வேண்டாம்மா."

"நான் அன்னிக்கு ரெண்டாவது வரிசைல உக்காந்து எழுதிகிட்டேன் சித்தி. நோட்டு இருக்கு. எல்லாம் தெரியும். தெரிஞ்சே அம்மாவக் கொன்னுட்டேன்."

நான் அவள் வாயைப் பொத்தினேன். அவள் என் கையை எடுத்துவிட்டு, "பிரேக் இன்ஸ்பெக்டர் வருவாராம். அறுபதுல வந்தேன்னு எழுதிக் குடுக்கப்போறேன். போன்ல பேசிகிட்டே ஓட்டினேன்னு குடுக்கப்போறேன். என்ன வேணா பண்ணட்டும்" என்றாள். அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அன்று மத்தியானம் மாஸ்டர் பின்கட்டில் வாளியில் வெந்நீர் ஊற்றி வலது காலை வைத்திருந்தார். கணுக்கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. சுற்றிலும் அத்தனை பேர் இருந்தும் இத்தனை நாள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"இது என்ன மாஸ்டர்? எங்க அடிபட்டுச்சு?"

"அடிபடல."

"பின்ன?"

"மிதிச்சேன்." காலைத் தண்ணீரில் இன்னும் ஆழமாக அழுத்தினார். "பெடலே இல்ல டீச்சரம்மா. வெறும் தரை. என் கால் அதத் தேடி மிதிக்குது, மிதிக்குது, ஒண்ணுமே அகப்படல. இந்த வண்டியில நம்ம பெடல் கெடயாதுன்னு மண்டைக்கு எட்டறதுக்குள்ள... ஒரு சத்தம் போட்டிருந்தா அவ நகர்ந்திருப்பா. எனக்குக் கால்தான் போச்சு. வாய் வரல. இருபத்தஞ்சு வருஷமா வாயப் பூட்டியே வெச்சுட்டேன்."

கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மூணு மாசம் பாப்பா நிறுத்தினதெல்லாம் நீங்க நிறுத்தினதுன்னு அவகிட்ட சொன்னீங்களா?"

அவர் இன்னும் கொஞ்சம் வெந்நீரை வாளியில் ஊற்றினார்.

"உள்ள அந்தப் பொண்ணு செத்துகிட்டிருக்கு மாஸ்டர். அறுபதுல வந்தேன்னு எழுதித் தரப்போறாளாம். நீங்க வாயத் தெறக்கலன்னா நான் தெறப்பேன்."

"பள்ளிக்கூடம் போயிடும்னா பயப்படறேன்னு நெனக்கிறீங்க? போகட்டும், மயிராச்சு." அவர் வாயில் நான் கேட்ட முதல் கெட்ட வார்த்தை அது. "அவ பொறந்ததுல இருந்து தன்னால செஞ்சேன்னு சொல்லிக்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது. அதுவும் இல்லன்னு நான் எப்பிடி அவ முகத்தப் பாத்துச் சொல்லுவேன்? சொன்னதுக்கப்புறம் அவ எத நம்பி எழுந்து நடப்பா?"

துண்டை எடுத்துக் காலைத் துடைத்துவிட்டேன். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. இப்படி ஒரு நிலைமையில் ஒரு தகப்பனை எந்தச் சாமி கொண்டுவந்து நிறுத்தியதோ.

இரண்டு நாள் கழித்து, விபத்தை விசாரிக்க அதே பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். காக்கிச் சட்டை, கையில் அட்டையில் செருகிய தாள், கூட ஒரு ஆள் அளக்கிற நாடாவோடு. தாய்மாமன் தன் காரின் பக்கத்திலேயே போகாமல் தெருமுனையில் நின்றார். இன்ஸ்பெக்டர் காரை எடுத்து ரோட்டில் இரண்டு முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தார். டயரைத் தடவிப் பார்த்தார். சக்கரம் இழுத்த கோடு சந்தில் இன்னும் தெரிந்தது. அதை அளக்கச் சொன்னார். கம்பத்தை அளந்தார், சுவரை அளந்தார்.

பாப்பா வந்து அவர் முன்னால் நின்றாள். பத்து நாளில் பாதியாக இளைத்திருந்தாள்.

"அறுபதுல வந்தேன் சார். எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அறுபதுல வந்திருந்தா இந்தச் சுவரே இருக்காதும்மா. முப்பதத் தாண்டல. கோடு சொல்லுது."

"போன் பேசிகிட்டு வந்தேன்."

"உன் போன் அன்னிக்கு மாமா வீட்லயே இருந்துதுன்னு அவர் சொல்லிட்டாரு. ஏம்மா பொய் சொல்ற?" அவர் குரல் இறங்கியது. "வண்டி பிரேக் நல்லா இருக்கு. டயர் சுமார். நனஞ்ச தரை, இறக்கம், பின்னால பாரம். எல்லாம் சரி. ஒண்ணுதான் எனக்குப் புரியல. கம்பத்தத் தாண்டித்தான் பிரேக்கத் தொட்டிருக்க. மொத்தமே முப்பது அடி. எதிர்ல ஆள் நிக்கறது தெரியுது. அவ்வளவு லேட்டா ஏன் மிதிச்ச?"

"எப்பவும் அங்கதான் சார் மிதிப்பேன். எப்பவும் நிக்கும்."

"அங்க மிதிச்சா எப்பிடிம்மா இவ்வளவு இறக்கத்துல..."

அவர் பாதியில் நிறுத்தினார். தலையைத் திருப்பி, ஓரமாக நிறுத்தியிருந்த பள்ளிக்கூடக் காரைப் பார்த்தார். அப்புறம் மாஸ்டரைப் பார்த்தார். பதினைந்து வருடமாக வண்டிகளைப் பார்க்கிற ஆள். அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மாஸ்டர் காலை நொண்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் சார். என் கால்தான். அவ மிதிக்கறதுக்கு முன்னாடியே நான் மிதிச்சிருவேன். தினமும்."

"டெஸ்ட்லயுமா?"

"டெஸ்ட்லயும்தான்."

இன்ஸ்பெக்டரின் முகம் சிவந்துவிட்டது. "நான் பின்னால உக்காந்திருக்கேன் மாஸ்டர். என்னையே முட்டாளாக்கிட்டீங்களே. அந்தத் தாள்ல என் கையெழுத்து இருக்குய்யா."

"பொய் சார்" என்றாள் பாப்பா. "என்னக் காப்பாத்தறதுக்காக அப்பா கத விடறாரு. நான்தான் நிறுத்துவேன். தெருவே பாத்திருக்கு. சித்தி, நீங்க சொல்லுங்க. தினமும் ஜன்னல்ல பாப்பீங்கல்ல, சொல்லுங்க சித்தி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்ன சொல்ல. சொல்லாதே என்று கெஞ்சிய மாதிரி இருந்தது. ஆனால் ஒரு நொடியை ஏற்கெனவே வீணாக்கியவள் நான், இன்னொன்றை வீணாக்க மனசு வரவில்லை.

"பொய் இல்ல பாப்பா. மழையன்னிக்கு நான் பின் சீட்ல வந்தேனே, அன்னிக்குப் பாத்தேன். அப்பா கால் பெடல்மேலதான் இருந்துது."

இன்ஸ்பெக்டரோடு வந்த ஆள் நாடாவைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு நின்றான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் பாப்பா.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "அவதான் கேட்டா. நீ ரெண்டு நாள் கதவச் சாத்திகிட்டுப் படுத்திருந்தியே, அப்ப. 'ஏங்க, இன்னொரு தடவ தோத்தா அவ தாங்கமாட்டா. கொஞ்சம் கால் குடுங்க'ன்னு கையப் புடிச்சுகிட்டு அழுதா. மாட்டேன்னுதான் சொன்னேன். அழுதா."

"தெரிஞ்சுமா அம்மா முன்னால வந்து நின்னாங்க?"

"தெரிஞ்சதாலதான் நின்னா."

"எனக்குப் புரியலப்பா."

"பக்கத்து சீட்ல நான் இருக்கறத அவ பாத்தா. எந்த வண்டி, பெடல் இருக்கா இல்லயான்னெல்லாம் அவளுக்கு என்ன தெரியும்? அப்பா இருக்காரு, வண்டி நிக்கும், அவ்வளவுதான்." அவர் குரல் உடைந்துபோய்விட்டது. "உன்ன நம்பி அம்மா அங்க நிக்கல பாப்பா. என்ன நம்பித்தான் நின்னா. நீ கொல்லல. கேக்குதா? நீ கொல்லல."

நானாக இருந்தால் அந்த இடத்தில் விழுந்து கதறியிருப்பேன். இல்லை, அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. கம்பத்தைப் பார்த்தாள். அங்கிருந்து மெதுவாகச் சுவர் வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்று மாதச் சாயங்காலங்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அப்பா."

"சொல்லுடா."

"தப்பாவது என்னோடதா இருக்கட்டும்னு நெனச்சேன்ப்பா."

மாஸ்டர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் தாளில் எதையும் எழுதாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்ப நான் ஒரு தடவகூட என் கால்ல வண்டிய நிறுத்தினதே இல்லயா?"

அவர் முகத்திலிருந்து கையை எடுத்தார். ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம். பெற்ற பிள்ளையிடம் இனியும் பொய் சொல்ல அவரால் ஆகவில்லை போலிருக்கிறது.

"ஒரு தடவ நிறுத்தின" என்றார்.

"எப்ப?"

அவர் மெதுவாகத் திரும்பி மாமாவின் காரைப் பார்த்தார், அப்புறம் சுவரைப் பார்த்தார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் கிடைக்கும் வரைக்கும். கிடைத்ததும், இறங்கிவந்த அந்தச் சந்திலேயே உட்கார்ந்தாள். பத்து நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. "அம்மா, அம்மா" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டு அழுதாள். மாஸ்டர் குனிந்து அவளைத் தூக்கக் கையை நீட்டினார்.

"வேண்டாம்ப்பா" என்றாள். "கைய எடுங்க. நானே எழுந்துக்கறேன்."

எழுந்துகொள்ள அவளுக்கு ரொம்ப நேரம் ஆனது. நாங்கள் யாரும் தொடவில்லை.